ஹெட்லைட் பல்பை நாமே மாத்தலாமா? பில்லைப் பிரிச்சுப் பார்ப்போம்



மியூச்சுவல் ஃபண்டு, இன்கம் டாக்ஸ்னு பேசுற இடத்துல கார் பல்புக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. வீட்டுச் செலவுக் கணக்கை எடுத்து உட்கார்ந்தா கார் ஒரு பெரிய தலைப்பு. அதுல இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ் மூணையும் எல்லாரும் கவனிக்கிறாங்க. "சில்லறை ரிப்பேர்" என்கிற வரியை மட்டும் யாரும் திறந்து பார்க்கிறதில்ல. அந்த வரியைப் புரிஞ்சுக்க ஹெட்லைட் பல்பு நல்ல உதாரணம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். பல்பை நீங்களே மாத்தினா மிச்சமாகிற காசை எஸ்ஐபி-ல போட்டு கோடீஸ்வரர் ஆகலாம்னு கதை விடப்போறதில்ல. மிச்சம் சில நூறு ரூபாய்தான். ஆனா இந்த வேலை தெரியாததால நாம பண்ற இன்னொரு காரியம் இருக்கு. "அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்"னு தள்ளிப்போட்டு, ஒத்தை லைட்டோட ஓட்டுறது. இருட்டுல எதிரே வர்றவருக்கு ஒரு லைட் மட்டும் தெரிஞ்சா, அவர் கண்ணுக்கு நீங்க பைக். பைக்னு நினைச்சு அதுக்குத் தக்க இடம் விட்டு வருவார். அவர் பக்கத்து லைட்டே எரியலைன்னா, உங்க காரோட பாதி அகலம் அவருக்குத் தெரியவே தெரியாது. இந்த ரிஸ்க்குக்கு எந்த பில்லும் வராது. அதனாலதான் யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல.

முதல்ல பில்

விலை ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். கணக்குக்காக ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். சாதா ஹாலோஜன் பல்பு வரியோட சேர்த்து ரூ.250. சர்வீஸ் சென்டர்ல மாத்த லேபர் ரூ.300. அதுக்கு 18% ஜிஎஸ்டி ரூ.54. மொத்த பில் ரூ.604. போக வர 20 கிலோமீட்டர்னா பெட்ரோல் சுமார் ரூ.130. ஆக ரூ.734.

இதுல பொருளோட விலை ரூ.250தான். மீதி ரூ.484 கூலி, வரி, பயணம்.

நேரம் தனி. வண்டியை விட்டு, ஜாப் கார்டு போட்டு, காத்திருந்து, எடுத்துட்டு வர்றதுக்குள்ள மூணு மணி நேரம் சாதாரணமா ஓடிடும். மாசம் 40,000 ரூபாய் சம்பளம், 25 நாள், தினம் 8 மணி நேரம்னா உங்க ஒரு மணி நேரத்தோட மதிப்பு ரூ.200. மூணு மணி நேரத்துக்கு ரூ.600.

இங்க ஒரு எச்சரிக்கை. "என் நேரத்துக்கு மதிப்பு அதிகம், அதனால எல்லாத்தையும் ஆள் வச்சு செய்வேன்"னு நிறைய பேர் சொல்றாங்க. அந்த நேரத்துல நீங்க உண்மையிலேயே சம்பாதிப்பீங்கன்னா அந்தக் கணக்கு சரி. ஞாயித்துக்கிழமை காலையில டிவி பார்க்கிற நேரத்துக்கு 200 ரூபாய் ரேட் போடக் கூடாது. அந்த ரேட்டையே போட்டாலும் பல்பு விஷயத்துல ஜெயிக்கிறது நாமதான். நாமே மாத்தினா ஆகிற நேரம் முதல் தடவை அரை மணி, அடுத்த தடவை பத்து நிமிஷம்.

ரோட்டோர ஆட்டோ எலக்ட்ரீஷியன் நூறு ரூபாய் வாங்கிட்டு கண் முன்னாடியே மாட்டிக் கொடுத்தா அதுவும் நியாயமான டீல். தாராளமா கொடுங்க. ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு, விக்கிரவாண்டி தாண்டி, பல்பு போனா அவர் கூட இருக்க மாட்டார்.

ஜிஎஸ்டி பத்தி ரெண்டு விஷயம். ஒண்ணு, பில்லுல ஜிஎஸ்டி போட்டிருந்தா கடையோட ஜிஎஸ்டி நம்பரும் இருக்கணும். பதிவு பண்ணாத கடை வரி வசூல் பண்ணவே கூடாது. ரெண்டு, நீங்க தொழில் பண்றவரா இருந்து, கார் கம்பெனி பேர்ல இருந்தாலும், சாதாரண பயணிகள் காரோட ரிப்பேர் செலவுக்கு இன்புட் கிரெடிட் பொதுவா கிடையாது. பிரிவு 17(5) தடுக்குது. டாக்ஸி, டிரைவிங் ஸ்கூல் மாதிரி தொழில்களுக்கு விலக்கு உண்டு. மத்தவங்களுக்கு அந்த ரூ.54 போனது போனதுதான்.

பல்புதானா, வேற ஏதாவதா?

பல்பு வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் செலவு பண்ணுங்க. தப்பான பொருளை வாங்கி மாட்டுறதுதான் இருக்கிறதுலயே பெரிய வீண் செலவு.

ஒரு பக்கம் மட்டும் எரியலைன்னா பெரும்பாலும் பல்பு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல போச்சுன்னா ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச் பக்கம் சந்தேகப்படணும். இல்லைன்னா ஒண்ணு முன்னாடியே போய், நாம கவனிக்காம ஓட்டியிருக்கோம்.

டிம் எரியல, பிரைட் எரியுதுன்னா, எச்4 பல்பு உள்ள வண்டியில டிம்முக்கான இழை மட்டும் அறுந்திருக்கும். ஆல்டோ, வேகன்ஆர் மாதிரி வண்டிகள்ல இந்த வகைதான். ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு இழை, டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். அதனாலதான் டப்பா மேல 12 வோல்ட் 60/55 வாட்னு போட்டிருக்கும்.

பல வண்டிகள்ல இடது, வலது ஹெட்லைட்டுக்குத் தனித்தனி ஃபியூஸ் இருக்கு. ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலயோ கையேட்டுலயோ எது எதுக்குன்னு போட்டிருக்கும். போன ஃபியூஸை அதே ஆம்பியர்லதான் மாத்தணும். 10 இருந்த இடத்துல 20 போட்டா லைட் எரியும். அடுத்த தடவை கோளாறு வந்தா ஃபியூஸுக்குப் பதிலா வயர் எரியும்.

சந்தேகமா இருந்தா செலவே இல்லாத ஒரு டெஸ்ட் இருக்கு. எரியற பக்கத்துப் பல்பைக் கழட்டி எரியாத பக்கத்துல மாட்டிப் பாருங்க. எரிஞ்சா, கோளாறு பழைய பல்புல. எரியலைன்னா, பல்பு வாங்க வேண்டாம், வயரிங் பார்க்கணும்.

எந்தப் பல்பு வாங்கணும்?

எச்4, எச்7, எச்11, எச்பி3 இப்படிப் பல வகை உண்டு. ஒண்ணு இருக்கிற இடத்துல இன்னொண்ணு உட்காராது. எச்4-க்குப் பின்னாடி மூணு தகடு இருக்கும், எச்7-க்கு ரெண்டு. வகை வண்டிக் கையேட்டுல இருக்கும், பழைய பல்போட அடிப்பாகத்துலயும் பொறிச்சிருக்கும். சென்னையில ஜிபி ரோடு, மத்த ஊர்கள்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆட்டோ ஸ்பேர்ஸ் கடை, எங்க போனாலும் பழைய பல்பைக் கையில கொண்டுபோறது நல்லது.

கடையில ரெண்டு ஆசை காட்டுவாங்க. ரெண்டையும் கணக்கோட பார்ப்போம்.

முதல் ஆசை, "100/90 வாட் போடுங்க சார், பகல் மாதிரி இருக்கும்." 60 வாட் பல்பு 12 வோல்ட்ல இழுக்கிற கரன்ட் 5 ஆம்பியர். 100 வாட் பல்பு இழுக்கிறது சுமார் 8.3 ஆம்பியர். கரன்ட் ஒண்ணே முக்கால் மடங்குக்கும் கொஞ்சம் குறைவாத்தான் கூடியிருக்கு. ஆனா வயர்ல உண்டாகிற சூடு கரன்ட்டோட வர்க்கத்துல ஏறும். அதாவது சுமார் 2.8 மடங்கு. கம்பெனி கொடுத்த வயர், ஸ்விட்ச், கப்ளர் எல்லாம் இந்தச் சூட்டுக்காகச் செஞ்சது கிடையாது. கப்ளர் உருகும், ரிஃப்ளெக்டர் பிளாஸ்டிக் பொரியும். நூறு இருநூறு ரூபாய் கூடுதல் வெளிச்சம் சில ஆயிரம் ரூபாய் ஹெட்லைட் செலவுல முடியும்.

ரெண்டாவது ஆசை, ஹாலோஜன் இடத்துலயே மாட்டுற எல்இடி பல்பு. ஹாலோஜன் ஹெட்லைட்டோட ரிஃப்ளெக்டர், இழை எந்த இடத்துல இருக்குமோ அந்தப் புள்ளியை வச்சு வடிவமைச்சது. எச்4-ல டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டி உலோக மூடி இருக்கும். வெளிச்சம் எதிரே வர்றவர் கண்ணுக்கு ஏறாம வெட்டுறது அதோட வேலை. எல்இடி சில்லு அந்த இடத்துல, அந்த அளவுல இல்லைன்னா வெளிச்சம் சிதறும். உங்களுக்குப் பளிச்னு இருக்கும், எதிரே வர்றவருக்குக் கண் கூசும். சட்டப்படியும் சிக்கல். வண்டியோட அமைப்பை அனுமதி இல்லாம மாத்தினா, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ(4) படி ஒரு மாற்றத்துக்கு ரூ.5,000 வரை போகலாம், சிறைத்தண்டனைக்கும் இடம் இருக்கு.

கம்பெனி சொன்ன அதே வகை, அதே வாட், நல்ல பிராண்டு. இதுவே போதும்.

ஒண்ணா, ரெண்டா? ரெண்டா வாங்குங்க. ரெண்டு பல்பும் ஒரே நாள்ல மாட்டினது, கிட்டத்தட்ட ஒரே நேரம் எரிஞ்சது. ஒண்ணு போனா இன்னொண்ணும் வரிசையில நிக்குதுன்னு அர்த்தம். ரெண்டையும் புதுசா மாட்டிட்டு, இன்னும் எரிஞ்சுட்டு இருக்கிற பழையதை டப்பாவுல போட்டு டேஷ்போர்டுக்குள்ள வச்சுடுங்க. காசு செலவில்லாம ஒரு ஸ்டெப்னி பல்பு ரெடி.

மாத்துற முறை

இது ஹாலோஜன் பல்புக்கு மட்டும். உங்க வண்டிக் கையேட்டுல இதே விஷயம் படத்தோட இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு ஆரம்பிங்க.

1. வண்டியை சமதளத்துல நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்க. லைட் ஸ்விட்ச், இக்னிஷன் ரெண்டும் ஆஃப். சாவி உங்க பாக்கெட்ல.

2. இருபது நிமிஷம் விடுங்க. எரிஞ்ச பல்பு தொட்டா கொப்பளிக்கிற அளவுக்குச் சூடா இருக்கும். இன்ஜினும்தான்.

3. பானெட்டைத் திறந்து ஹெட்லைட்டோட பின்பக்கத்தைப் பாருங்க. கை போற அளவுக்கு இடம் இருக்கான்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. பேட்டரியோ ஏர் ஃபில்டர் பெட்டியோ மறைச்சா அதைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும்.

4. கப்ளரை நேரா பின்னாடி இழுங்க. லாக் இருந்தா அழுத்திட்டு இழுக்கணும். வயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, பிளாஸ்டிக்கைப் பிடிச்சு இழுக்கணும்.

5. எச்4 வண்டின்னா அடுத்து கறுப்பு ரப்பர் மூடி. ஓரத்துல இருக்கிற காதைப் பிடிச்சு உரிங்க.

6. பல்பைப் பிடிச்சிருக்கிற கம்பி கிளிப் எப்படி மாட்டியிருக்குன்னு ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அப்புறம் கிளிப்பை உள்ளே அழுத்தி, பக்கவாட்டுல விடுவிச்சு, பல்பை நேரா வெளியே எடுங்க. எச்11, எச்பி3 வகைகள்ல கிளிப் இருக்காது. கால் சுத்து திருப்பினாலே வந்துடும்.

7. புதுப் பல்போட கண்ணாடியைத் தொடாதீங்க. கண்ணாடி டம்ளர் மாதிரி சாதாரணக் கண்ணாடி கிடையாது, குவார்ட்ஸ். விரல்ல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கும் உப்பும் அதுல ஒட்டினா, எரியும்போது அந்த இடம் மட்டும் அதிகமா சூடாகி பலவீனமாகும். பல்பு சீக்கிரம் போயிடும். அடிப்பாக உலோகத்தைப் பிடிங்க, இல்லைன்னா கையுறை போடுங்க. தெரியாம தொட்டுட்டா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச சுத்தமான துணியால துடைச்சு, காயவிட்டு மாட்டலாம்.

8. பல்போட அடித்தட்டுல இருக்கிற காதுகள் ஹெட்லைட்டோட பள்ளங்கள்ல சரியா உட்காரணும். ஒரே ஒரு நிலையிலதான் உட்காரும். சாய்ஞ்சு நின்னா பலவந்தமா கிளிப்பை மாட்டாதீங்க, எடுத்துத் திரும்ப வைங்க.

9. கிளிப், ரப்பர் மூடி, கப்ளர். கழட்டின வரிசைக்கு நேர் எதிர். ரப்பர் மூடி சுத்திலும் நல்லா பதிஞ்சிருக்கணும். அங்க இடைவெளி விட்டா மழைக்காலத்துல ஹெட்லைட்டுக்குள்ள தண்ணி கோர்க்கும்.

10. லைட்டைப் போட்டு டிம், பிரைட் ரெண்டையும் பாருங்க. அப்புறம் இருட்டினதும் ஒரு சுவருக்கு நேரா அஞ்சு மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்க. ரெண்டு பக்கமும் வெளிச்சத்தோட மேல் விளிம்பு ஒரே உயரத்துல இருக்கணும். நம்ம ஊர் வண்டிகள்ல அந்த விளிம்பு இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறும், அது ரோட்டோரம் தெரியறதுக்காக. ஒரு பக்கம் மட்டும் கண்டபடி மேலே போனா பல்பு சரியா உட்காரலைன்னு அர்த்தம்.

பழைய பல்புக்குள்ள வாயு அழுத்தத்துல இருக்கும். குழந்தைங்க கைக்குப் போகாம, காகிதத்துல சுத்திக் குப்பையில போடுங்க.

எங்க நிறுத்திக்கணும்?

எல்லாத்தையும் நாமே பண்றது சிக்கனம் ஆகாது. கீழே இருக்கிற நிலைமைகள்ல கையை எடுத்துடுங்க.

வண்டியில செனான் ஹெட்லைட் இருந்தா தொடாதீங்க. பத்த வைக்கும்போது 20,000 வோல்ட்டுக்கும் மேல போகும். கம்பெனி எல்இடி ஹெட்லைட்ல பல வண்டிகள்ல மாத்துறதுக்குத் தனிப் பல்பே கிடையாது, வாரன்டி இருக்கான்னு முதல்ல பாருங்க. பம்பரைக் கழட்டினாதான் கை போகும்கிற வண்டியா? மெக்கானிக் கிட்ட கொடுத்துடுங்க, பம்பர் கிளிப் உடைஞ்சா மிச்சம் பிடிச்சது எல்லாம் போச்சு. கப்ளர் பழுப்பு நிறமா மாறியோ உருகியோ இருந்தா எலக்ட்ரீஷியன் வேலை. புதுப் பல்பு மாட்டினாலும் நிக்காது.

பல்பு அடிக்கடி போகுதா? சார்ஜிங் வோல்டேஜைச் செக் பண்ணச் சொல்லுங்க. வோல்டேஜ் 5% கூடினாலே இழை பல்போட ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும். ரெகுலேட்டர் கோளாறை விட்டுட்டு பல்பு மேல பல்பா மாத்துறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதை.

வாரன்டி போயிடுமோன்னு பயப்படறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதே வகைப் பல்பை, வயரைத் தொடாம மாத்துறது மாடிஃபிகேஷன் ஆகாது. பல கையேடுகளே அதைச் சொல்லிக் கொடுக்குது. வயரை வெட்டி ஒட்டினாதான் பின்னாடி எலக்ட்ரிக்கல் வாரன்டி கேட்கும்போது கேள்வி வரும்.

"அசெம்பிளியே மாத்தணும் சார்"

இந்த வார்த்தையைக் கேட்டா கொஞ்சம் நில்லுங்க. பல்பு போனதுக்கு அசெம்பிளி மாத்தத் தேவையில்ல. கண்ணாடி உடைஞ்சிருக்கணும், ரிஃப்ளெக்டர் கருகியிருக்கணும், பல்பு உட்கார்ற இடம் உடைஞ்சிருக்கணும். எதுன்னு நேர்ல காட்டச் சொல்லுங்க. பழைய பார்ட்டைத் திரும்பக் கேளுங்க.

அடுத்து, "இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம்"னு சொல்வாங்க. பல்பு தானா போனது தேய்மானம், எலக்ட்ரிக்கல் பழுது. சாதாரண கார் பாலிசியில அதுக்கு கிளெய்ம் கிடையாது. எங்கயாவது இடிச்சு ஹெட்லைட் உடைஞ்சிருந்தா கிளெய்ம் உண்டு. ஆனா லாபமான்னு பாருங்க.

அசெம்பிளி ரூ.6,000-ன்னு வைங்க. ஜீரோ டெப்ரிசியேஷன் இல்லாத பாலிசியில பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% கழிப்பாங்க. மிச்சம் ரூ.3,000. கட்டாயக் கழிவு, 1500 சிசி வரை உள்ள காருக்கு ரூ.1,000. கைக்கு வர்றது ரூ.2,000. இப்போ மறுபக்கம். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.8,000, இந்த வருஷம் கிளெய்ம் இல்லாம போனா நோ கிளெய்ம் போனஸ் 25%-லேர்ந்து 35%-க்கு ஏறப்போகுதுன்னு வைங்க. கிளெய்ம் பண்ணா அது பூஜ்யம். அடுத்த வருஷம் மட்டும் இழப்பு ரூ.2,800. அதுக்கப்புறம் மறுபடி 20%-லேர்ந்து ஏறணும். 2,000 ரூபாய் வாங்க 2,800 ரூபாய் கொடுக்கிற வியாபாரம். உங்க பாலிசி நம்பர்களைப் போட்டு இதே கணக்கைப் பண்ணிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

தள்ளிப்போட்டா என்ன செலவு?

சூரியன் மறைஞ்சு அரை மணி நேரத்துலேர்ந்து, உதிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வரை விளக்கு எரியணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல விதி 105 சொல்லுது. மீறினா சட்டத்தோட பொதுப் பிரிவு 177-ல முதல் தடவை ரூ.500 வரை, அடுத்தடுத்த தடவை ரூ.1,500 வரை அபராதம். ஒரு அபராதத்துல ரெண்டு பல்பு வாங்கலாம். ஆரம்பத்துல சொன்ன, பைக்னு நினைச்சு ஒதுங்காம வர்றவரோட கணக்கு இதுல சேரல. அதை ரூபாயில எழுத எனக்குத் தெரிஞ்ச முறை எதுவும் இல்ல.

ஆக பட்ஜெட் சிம்பிள். பல்பு ரெண்டு, கையுறை ஒரு ஜோடி, டேஷ்போர்டுல ஒரு ஸ்பேர். எல்லாம் சேர்த்து நம்ம உதாரண விலையில ரூ.550-க்குள்ள. வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி, சுவர் டெஸ்டைப் பண்ணிடுங்க. முன்னாடி நாலு லைட், பின்னாடி பிரேக் லைட், இண்டிகேட்டர், எல்லாம் சேர்த்து அஞ்சு நிமிஷம். பிரேக் லைட்டைப் பார்க்க வீட்டுல ஒருத்தரைப் பின்னாடி நிக்கச் சொல்லுங்க.

காருக்குன்னு செலவு டைரி வச்சிருக்கிறவங்க ஒரு பக்கத்துல பல்பு வகை, மாத்தின தேதி, கிலோமீட்டர் ரீடிங், விலை நாலையும் எழுதுங்க. அடுத்த தடவை சர்வீஸ் பில்லுல "பல்பு மாற்றம்"னு ஒரு வரி வந்தா, அது தேவையா இல்லையான்னு அந்தப் பக்கமே சொல்லிடும்.